மிளகு இருக்கிறது என்றார்கள்

இரண்டு வாரத்துக்கு முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, என் டீமில் இருக்கும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னிடம் பொய் சொன்னார்கள். சொல்ல வைத்தவன் நான்.

சிங்கப்பூரில் ஒயின் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் டெலிவரிப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன் — வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு இது தெரியும். டீம் என்றால் பெரிய படை இல்லை. ஆர்டர் எடுக்கும் ரீட்டா, தோ பாயோவில் தன் வீட்டிலிருந்து வேலை செய்கிறார். வெப்சைட்டைக் கவனிக்கும் சுந்தரியும் வீட்டிலிருந்துதான். வேன் ஓட்டும் குமரேசன் ரோட்டில். நான் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். எங்களைச் சேர்த்து வைத்திருப்பது ஒரு வாட்ஸ்அப் குரூப்பும், வாரம் ஒரு வீடியோ மீட்டிங்கும்.

மீட்டிங்கில் நான் கேமராவைத் திறப்பதில்லை. கூச்சம். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் அதே நாக்குக்கு ஒயின் நன்றாகத் தெரியும். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. பெட்டி தூக்க வந்தவன், டேஸ்டிங் முடிந்து மிச்சமிருந்த பாட்டில்களில் பாடம் படித்தேன். பிரெஞ்சுப் பெயர்கள் இன்றைக்கும் வாயில் நுழைவதில்லை. ஒயின் நுழைகிறது. முதல் வாயை விழுங்க அவசரப்படக் கூடாது. நாக்கின் ஓரங்களில் கொஞ்சம் உலவவிட வேண்டும். முதலில் பழம் வரும், அப்புறம் புளிப்பு, கடைசியில் தொண்டைக்குப் பக்கத்தில் என்னவோ ஒன்று... அந்த என்னவோ ஒன்றுக்காகத்தான் இவ்வளவும்.

சரி, பொய்க்கு வருகிறேன்.

புதிதாக ஒரு சிவப்பு ஒயின் வந்திருந்தது. பெரும்பகுதி, அடுத்த சனிக்கிழமை நடக்கவிருந்த ஒரு திருமண விருந்துக்குப் போக வேண்டியது. "ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு ஆன்லைனில் சேர்ந்து குடித்துப் பாருங்கள், நீங்கள் நடத்துங்கள்" என்று முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார். டீம் உற்சாகத்துக்காம்.

நானா? நடத்துவதா? சீக்கிரம் முடித்தால் போதும் என்று, கிளாஸை உதட்டில் வைக்காமலேயே, தயாரிப்பாளர் அனுப்பிய குறிப்பை வாசித்துவிட்டேன். "கறுப்பு பிளம். கடைசியில் மிளகு. பிரமாதம்."

"ஆமாண்ணே, மிளகு!" என்றார் ரீட்டா.

"சூப்பர் மிளகு லா," என்றார் சுந்தரி.

"மிளகுதாண்ணே," என்றார், வேனை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்திருந்த குமரேசன்.

அப்புறம்தான் நான் குடித்தேன். மிளகும் இல்லை, பிளமும் இல்லை. ஜாம் காய்ச்சிய பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர். சூட்டில் கெட்டுப்போன ஒயின் இப்படித்தான் இருக்கும்.

என்ன செய்வது? பேசாமல் இருந்தால், எங்களை நம்பி ஆர்டர் கொடுத்த ஒரு மனிதர் தன் மகள் கல்யாணத்தில் ஊரைக் கூட்டி இதை ஊற்றுவார்.

கேமராவைத் திறந்தேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை. திரையில் என் வழுக்கை வந்து நின்றது.

"நான் குடிக்காமலே சொல்லிட்டேன். இப்பதான் குடிச்சேன். எனக்கு வெந்த ஜாம் மாதிரி இருக்கு. உங்களுக்கு?"

முதலில் ரீட்டா: "ஐயோ அண்ணே, எனக்கும் ஜாம்தான் லா. நீங்க மிளகுன்னீங்க... நமக்கு என்ன தெரியும்னு நானும் மிளகுன்னுட்டேன்."

"நான் சிங்க்ல ஊத்திட்டேன், சாரி," என்றார் சுந்தரி. "அப்புறம் அண்ணே, உங்களுக்கு முடி இருக்கும்னு நெனச்சிருந்தேன்."

குமரேசன் மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை அணைத்தார். திறந்தார். மறுபடி அணைத்துத் திறந்தார்.

"அண்ணே... மொத டிரிப் பத்துப் பெட்டி வெயில்ல நின்னுச்சு. நம்ம பாட்டிலும் அதுலேர்ந்துதான்."

"எவ்ளோ நேரம்?"

"நீங்க ஓகே போடற வரைக்கும்."

இங்கே என் சட்டத்தைச் சொல்ல வேண்டும். எந்தச் சரக்கு வந்தாலும், குளிர் அறைக்குள் ஏற்றுவதற்கு முன் எல்லாப் பெட்டியின் லேபிளும் தெரிய போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும். நான் ஓகே சொன்ன பிறகுதான் பெட்டியைத் தொடலாம். ஒருமுறை பெட்டி மாறிப்போனதால் வந்த சட்டம்.

குரூப்பைத் திறந்து மேலே போனேன். சரக்கு வந்த நாள் மத்தியானம் குமரேசனின் போட்டோ. அதற்குக் கீழே நான்: "லேபிள் தெரியவில்லை. வெளிச்சத்தில் வைத்து எடுக்கவும்." வெளிச்சத்தில் — அதாவது வெயிலில் — வைத்து இரண்டாவது போட்டோ. பிறகு "அண்ணே?" பிறகு "அண்ணே??" அதற்கும் கீழே, இரண்டரை மணி நேரம் கழித்து, ஓகே என்று என் கட்டைவிரல் எமோஜி.

அந்த இரண்டரை மணி நேரம் நான் எங்கே போனேன்? போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு ஓர் ஆன்லைன் வகுப்பில் இருந்தேன். தலைப்பு: டீமில் நம்பிக்கையை வளர்ப்பது எப்படி. சான்றிதழ்கூட வந்துவிட்டது.

"மூணு எட்டு வச்சா குளிர் ரூம். உள்ள தூக்கி வச்சிருக்கலாமே குமரேசன்?"

"வச்சா நீங்க கோவிச்சுக்குவீங்க. எப்பவும் கோவமாத்தானே இருக்கீங்க."

"நானா?"

"மூஞ்சிய காட்ட மாட்டீங்க, பேச மாட்டீங்க. கட்டைவிரல் மட்டும் வரும். வேற என்னண்ணே நெனக்கிறது?"

என் பக்கம் கூச்சமாகக் கிளம்பியது, அவர்கள் திரையில் கோபமாகப் போய் இறங்கியிருக்கிறது! பேசக் கூச்சப்பட்டுத்தான் சட்டம் போட்டிருக்கிறேன். பாட்டிலுக்குள் எப்படி இருக்கிறது என்று திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் விற்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆட்களும் அப்படித்தான். மணிக்கொரு போட்டோ கேட்பவன் வேலையைப் பார்ப்பதில்லை. போட்டோவைத்தான் பார்க்கிறான்.

மறுநாள் காலை கிடங்கில் சோதித்துப் பார்த்தோம். முதல் டிரிப் பத்துப் பெட்டியும் போயிற்று. இரண்டாவது டிரிப் நன்றாக இருந்தது. ஆர்டர் கொடுத்தவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினால் போதும் என்றார் முதலாளி. நான் குமரேசனைக் கூட்டிக்கொண்டு ஃபேரர் பார்க்கில் இருக்கும் மணப்பெண்ணின் அப்பா வீட்டுக்கே போனேன். நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன்.

"கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கு. இப்ப வந்து சொல்றீங்களே! மாத்திக் குடுக்கறது நல்லா இருக்கும்னு எதை வச்சு நம்புறது?"

மூன்று பாட்டில் திறந்தேன் — கெட்டது, நல்லது, குறையை ஈடுகட்ட வேறொரு ஒயின். ஊற்றிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். என் கூச்சம் முதல் தடவையாக உதவிக்கு வந்தது.

முதல் கிளாஸில் முகம் சுளித்தார். இரண்டாவதில், "அட, காரமா ஏதோ இருக்கே?" மூன்றாவதில் கொஞ்சம் யோசித்தார். "இது வேற தினுசு. ஆனா என் மச்சானுங்களுக்கு இதான் பிடிக்கும். ரெண்டையும் கலந்து அனுப்புங்க."

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. என் சட்டம் செத்தது. இப்போது பெட்டி முதலில் உள்ளே போகும், மெசேஜ் அப்புறம் வரும். எது, எப்போது என்று குமரேசன் முடிவு செய்வார். மீட்டிங்கில் என் வழுக்கை தெரிகிறது.

போன ஞாயிறு ரீட்டா வீட்டில், நால்வரும் முதல் தடவையாக ஒரே மேசையில் உட்கார்ந்தோம். ஆட்டுக்கறி, சோறு, நல்ல சரக்கில் மிஞ்சிய ஒரு பாட்டில். ஊற்றியதும் மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். "நீங்க குடிச்சுட்டு சொல்லுங்க," என்றேன். ரீட்டா திராட்சை என்றார். சுந்தரி புது ஷூ வாசனை என்றார். குமரேசன், "எனக்கு டீதான் பிடிக்கும்ணே, உண்மைய சொல்லிட்டேன்," என்று கிளாஸைத் தள்ளி வைத்தார்.

எல்லோரும் சொல்லி முடித்த பிறகு நான் குடித்தேன். கடைசியில், தொண்டைக்குப் பக்கத்தில்... மிளகு!

தலைவன் கடைசியாகத்தான் குடிக்க வேண்டும். பாட்டிலில் மிச்சமிருப்பதும் அவனுக்குத்தான்.