கோல் வாசலில் நின்றவர்

சித்தூரில் எங்கள் கால்பந்து அணிக்கு ஒரு சென்டர் பார்வர்ட் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, சாயம் பூசிய மீசை, பனியனுக்குள் அடங்காத தொப்பை. நூறு வருஷத்துக்கு முன் கோல்களாக அடித்துக் குவித்த ஓர் இங்கிலாந்துக்காரரின் கதையை வாரம் தவறாமல் அளப்பார். அந்த மனிதர் எந்த கிளப்புக்குப் போனாலும் கோல் மழைதானாம், ஓய்வு பெற்றதும் சாராயக்கடை வைத்தாராம். அவரே அதிகம் ஓடமாட்டாராம். இவர் ஓடவே மாட்டார், கோல் வாசலிலேயே நிற்பார்.

திருப்பதியில் நடந்த ஆட்டத்தில் என் தம்பி ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, இடிபட்டு விழும்போதும் அவருக்குத் தள்ளிவிட்டான். அவர் கோல் அடித்துக் கையைத் தூக்கியபடி மைதானத்தைச் சுற்றினார். தம்பிக்குக் கணுக்கால் முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரிக்கு லட்டோடு வந்தவர், “என் கோலைப் பாத்தியாடா?” என்று அவனைக் கேட்டார்.

“பந்து போட்டதே இவன்தானே?” என்றேன் எரிச்சலோடு.

“அந்த இங்கிலீஷ்காரருக்குப் பந்து போட்டவன் பேரு எவனுக்குத் தெரியும் நைனா?”

கால் குணமாகி ஆடிய முதல் ஆட்டத்திலும் தம்பி அவருக்கே பந்தைத் தள்ளினான். ஏன்டா என்று கத்தினேன்.

“அந்தாளுதான்ணா கரெக்டான எடத்துல நின்னுக்கினு இருந்தாரு.”

உண்மைதான். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.