வாசல் லைட்டுக்கு மட்டும் தனி லைன்

‘டக்’.

அந்தக் காலத்தை நினைத்தால் முதலில் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். கனமான ஒற்றைச் சத்தம். அதோடு டியூப் லைட் அணையும், ஃபேன் தளர்ந்து தளர்ந்து நிற்கும், கிச்சனில் எக்ஸாஸ்ட் ஓயும்... வீடு மொத்தமும் ஒரே நொடியில் அமைதியாகிவிடும்.

வெளியே செருப்பை மாட்டிக்கொண்டே சுகந்தி கேட்பாள்.

“அடங்கிருச்சா?”

“அடங்கிருச்சு.”

பேனல் போர்டு செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. டிப்ளமோ முடித்ததிலிருந்து அதுதான். கல்யாணமான புதிதில் திருமயத்தில் சின்னதாக வீடு கட்டிக் குடிபோனோம். சுகந்திக்கு ஊர் கடலோரக் கட்டுமாவடி. எதற்கும் பயப்படாதவள்... அயர்ன் பாக்ஸைத் தவிர.

வீட்டைப் பூட்டி, பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, பஸ்ஸும் வந்து நிற்கும்போது என் கையைப் பிடிப்பாள்.

“என்னங்க... அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணுனேனா?”

“பண்ணுன. நான் பாத்தேன்.”

“நீங்க பாத்தது போன வாரம்.”

திரும்பி ஓடுவோம். அது ஆஃப்பில்தான் இருக்கும்.

இப்படித்தான் ஒரு தடவை விராலிமலையில் அவள் தோழி கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, கடைசிப் பந்தியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

“சாப்பாட்டுக்கு வந்துட்டோம்ல, விடுங்க” என்றாள், கூசாமல்.

அந்த வாரமே காண்டாக்டர் என்கிற பெட்டி ஒன்று வாங்கி வந்தேன்.

எலக்ட்ரிக்கல் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு வீட்டின் மொத்த லோடையும் சாதாரண சுவிட்ச் ஒன்று தாங்காது, கருகிவிடும். அதனால் நடுவில் இந்தப் பெட்டி. உள்ளே ஒரு காயில், கம்பிச் சுருள். நாம் தட்டுகிற சின்ன சுவிட்ச் அந்தக் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கும். காயில் இழுத்தால் வீட்டுக்குள் போகிற நாலு லைனும் ஒன்றாகச் சேரும். விட்டால் நாலும் ஒன்றாகப் பிரியும். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்ற பேச்சே கிடையாது.

கம்பெனியில் மோட்டார்களுக்குத் தினமும் கட்டுவதுதான். வீட்டுக்குக் கட்ட அரை நாள் ஆனது. ஃப்ரிட்ஜை மட்டும் அதில் சேர்க்கவில்லை. கட்டுமாவடி மீன் உள்ளே இருக்குமே...

வாசல் கதவுப் பக்கத்தில் ஒரே சுவிட்ச். பெருமையாகத் தட்டிக் காட்டினேன்.

‘டக்’.

சுகந்தி வெளியே எட்டிப் பார்த்தாள்.

“வாசல் லைட்டையும் சேத்துட்டீங்களா?”

“எல்லாந்தான்.”

“அத மட்டும் எடுத்துருங்க.”

அவள் வீட்டில் அப்பா கடலுக்குப் போனால் வாசல் லைட்டைப் போட்டுவிடுவார்கள். அவர் திரும்புகிறவரை யாரும் அதைத் தொடுவதில்லை, வெயில் கொளுத்தினாலும் சரி. அவர் வந்து, கால் கழுவி, உள்ளே நுழைந்த பிறகுதான் அணைப்பார்கள்.

“அது கடலுக்குப் போறவங்களுக்கு. நாம ரெண்டு பேருமே வெளிய போறோம். வீட்டுல யாரு காத்துக் கெடக்கா?”

“வெளிய போறது நாமதான? அப்ப நமக்குத்தான் எரியணும்.”

“பட்டப்பகல்லயா?”

“ஏன், பகல்ல போனா திரும்பி வரமாட்டீங்களா?”

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்த ஒயரை மட்டும் கழற்றினேன். வாசல் லைட்டுக்குத் தனி லைன், தனி சுவிட்ச்.

அதற்குப் பிறகு எங்களுக்கு எந்த பஸ்ஸும் தவறவில்லை. நான் வேலைக்குப் போகிற நாட்களில் தெருமுனையில் திரும்பும்போதே லைட் தெரியும். நான் உள்ளே வந்ததும் சுகந்தி அணைப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல். சுகந்தி போய்விட்டாள்.

அன்றிலிருந்து அந்த லைட்டை நான் அணைக்கவில்லை. இரவும் பகலும் எரிந்தது. வெளியே போன ஆள் இன்னும் வரவில்லையே... கணக்கு அவ்வளவுதான். நடுவில் ஒருநாள் பல்பு போனது. உடனே கடைக்குப் போய் வேறு வாங்கி வந்து மாட்டினேன்.

பொங்கலுக்கு மாமா வந்தார், சுகந்தியின் அப்பா. நடு மத்தியானத்தில் எரிகிற லைட்டை நிமிர்ந்து பார்த்தார். அதன் கீழேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

போன வாரம் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து வந்ததும் காண்டாக்டர் பெட்டியைத் திறந்தேன். வாசல் லைட்டையும் அதில் சேர்த்துவிடலாம் என்று. மற்றதெல்லாம் அணையும்போது அதுவும் சேர்ந்து அணையட்டும். அதை மட்டும் தனியாக அணைக்க என் கைக்கு வரவில்லை.

ஒரே ஒரு ஒயர். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மெயினை ஆஃப் பண்ணக் கையை வைத்தபோது போன் அடித்தது.

மாமாதான். சுகந்தி போனதிலிருந்து தினமும் இந்த நேரத்துக்குக் கூப்பிடுவார்.

“மாப்ள, வீட்டுக்கு வந்துட்டீங்களா?”

“வந்துட்டேன் மாமா.”

“சாப்ட்டீங்களா?”

“இனிமேத்தான்.”

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. கடற்கரையில் நிற்கிறார் போல.

“வாசல் லைட்டு எரியுதா?”

“எரியுது மாமா.”

“அதான் நீங்க வந்துட்டீங்கல்ல... அணைச்சுட்டு உக்காந்து சாப்புடுங்க.”

போனை வைத்துவிட்டார்.

பெட்டியை மூடினேன். அந்த ஒயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வாசலுக்குப் போய், என் கையாலேயே லைட்டை அணைத்துவிட்டு வந்து சாப்பிட்டேன்.

அப்போதெல்லாம் ‘டக்’ என்றதும் வெளியிலிருந்து ஒரு குரல் கேட்கும். இப்போது கேட்பதில்லை. ஆனாலும் காலையில் வீட்டை அடக்கிவிட்டு, வாசல் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். பளிச்சென்ற வெயிலில் அது எரிவதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

சாயங்காலம் திருமயம் கோட்டையைத் தாண்டி பஸ் நிற்கும். இறங்கி நடந்தால், தெருமுனையிலிருந்தே தெரியும்.

எனக்குத்தான் எரிகிறது.