ஞானம்மாவுக்குக் கிடைத்த லைட் வேலை

1. ஏற்றத்து வலி

தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கூடையோடு விழுந்தவளை இரண்டு பெண்கள் என் மருந்தறைக்குத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்னாலேயே வேலை மேற்பார்க்கும் கங்காணி கத்திக்கொண்டு வந்தார்.

"சும்மா நடிக்கிறாய்யா! ஏத்தத்துல மட்டும் நெஞ்சு வலிக்குமாம், எறக்கத்துல வலிக்காதாம். நல்லா இருக்கே கத!"

அவள் ஞானம்மா. முப்பது வயதிருக்கும். எண்பதுகளின் கடைசியில் இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர். சனங்கள் டாக்டரய்யா என்பார்கள். நான் டாக்டரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஆனால் நடிப்புக்கு உதடு நீலம் பாரிக்காது என்பது எனக்குத் தெரியும்.

டவுன் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். படுக்க வைத்து எடுத்தால் என்ன தெரியும்? படுத்துக்கொண்டா கொழுந்து பறிக்கிறாள்?

2. ஓடும் பட்டி

எழுதிப் போராடி, கொழும்புக்குக் கூட்டிப்போனேன். அங்கே ட்ரெட்மில் என்று ஒரு மெஷின். காலடியில் பட்டி ஓடும், நாம் நின்ற இடத்திலேயே நடக்க வேண்டும். ஞானம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு ஏறினாள். பட்டியைச் சாய்த்து மேடாக்கியதும் மூச்சு முட்டியது, நெஞ்சைப் பிடித்தாள். டாக்டர் பாய்ந்து மெஷினை நிறுத்தினார்.

பிறகு சாயம் ஏற்றிப் படம் பிடித்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று பிறவியிலேயே தப்பான இடத்தில் முளைத்து, இரண்டு பெரிய குழாய்களுக்கு நடுவே ஓடுகிறதாம். மேடு ஏறினால் நசுங்குகிறதாம். டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அப்ப நான் நடிக்கலதானேங்கய்யா?"

"இல்லம்மா."

அழுதுவிட்டாள். பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்.

ஆபரேஷனுக்குப் பெயர் பதிந்துவிட்டு, அதுவரை ஏற்றம் ஏறக்கூடாது, லைட் வேலைதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

3. தொரையின் தயவு

தோட்டத்து மானேஜரான பெரிய தொரை கடிதத்தைப் படித்தார்.

"பொறந்ததிலேயே உள்ள கோளாறுதானே? அப்ப தோட்டத்துக்குப் பொறுப்பில்ல. பரவாயில்ல, லைட் வேலை குடுப்போம். பிள்ளைக் காம்பராவுல ஆயா."

வேலைக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. எங்கள் தோட்டத்தில் அது மலை உச்சியில் இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து செங்குத்தான படிக்கட்டு.

"சேர், அந்தப் படி கொழுந்து மலையை விட மோசம்."

"ஏறினா அப்புறம் சாயந்தரம் வரைக்கும் உக்காந்துதானே இருப்பா?"

ஞானம்மாவிடம் போகாதே என்றேன்.

"போகாட்டி பேர வெட்டிருவாங்கய்யா. லயத்துக் காம்பராவும் போயிரும். பிள்ளைங்கள எங்க வச்சுக்குவேன்? மெல்ல மெல்ல ஏறிக்கிறேன்."

அந்த வாரம் முடிவதற்குள்ளேயே பாதிப் படியில் விழுந்தாள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறிய தாய்மார்தான் கண்டார்கள். நான் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

தொரையிடம் போய்ச் சொன்னேன். பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"லைட் வேலை கேட்டது நீங்கதானே, டாக்டர்?"

இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது. இந்த வேலைக்கு வருகிற இளையவர்களே, லைட் வேலை என்று மட்டும் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். என்ன வேலை, எந்த இடம், எந்தப் பாதை, எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். கொழும்பில் அவள் நெஞ்சைப் பிடித்ததும் மேட்டை நிறுத்த ஓர் ஆள் பக்கத்தில் நின்றார். தோட்டத்தில் நிறுத்தக்கூடிய ஒரே ஆள்தான் அவளை ஏறச் சொன்னவர்.