கால் வராதவர்களுக்குக் கும்மி

ஆடத் தெரிந்தவர்களை ஆட வைப்பது ஒரு வேலையே இல்லை. ஆடத் தெரியாதவர்களை நாற்காலியை விட்டு எழுப்புவதுதான் எங்கள் தொழில். பிறந்தநாள், வளைகாப்பு, சொசைட்டி விழா என்று பம்பாய்த் தமிழர்கள் கூப்பிடுவார்கள். அண்ணன் மனைவி செல்வி மைனி பாடுவாள். நான் பழைய காலத்து ஆட்டம் ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிறவர்களுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

கைக்குட்டை

முதலில் போனது மாட்டுங்காவில் ஒரு பிறந்தநாள் வீடு. பார்க்க அழகாக இருக்குமே என்று ஒயிலாட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆளுக்கொரு கைக்குட்டை கொடுத்து, வரிசையாக நிறுத்தி, நானும் முன்னால் நின்று ஆடிக் காட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. காலெல்லாம் பின்னிக்கொள்ள, எல்லாரும் நின்ற இடத்திலேயே நின்று கைக்குட்டையை மட்டும் ஆட்டினார்கள். பிள்ளையின் அப்பா பாவம், பொறுமையாகத்தான் கேட்டார்.

"ஏம்மா, டிரெயின்ல ஆளை ஏத்திவிட்ட மாதிரி டாட்டா காட்டிட்டே இருக்கோமே, ஆட்டம் எப்ப வரும்?"

கோல்

அடுத்தது செம்பூரில் ஒரு அடுக்குமாடி சொசைட்டி. கோலாட்டம் எடுத்தேன். நான் எடுத்த வகையில் எதிரில் நிற்கிற ஜோடியோடுதான் கடைசிவரை தட்ட வேண்டும். ஆனால் பம்பாய்க்காரர்கள் கையில் கோலைக் கொடுத்தால் கால் தானாக, ஆள் மாற்றி ஆள் தட்டுகிற குஜராத்தித் தாண்டியாவுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு தட்டு தட்டிவிட்டு ஆளுக்கொரு இடம் தள்ளிப் போனார்கள். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. செக்ரட்டரி நகர்ந்து நகர்ந்து லிஃப்ட் வாசலுக்கே போய், வாட்ச்மேனோடு தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் என்னைத் தேற்றினார்.

"விடும்மா, முப்பது வருஷமா எதிர்லயே நின்ன மனுஷன் இன்னைக்காவது நகர்ந்தாரே."

அவருக்குச் சிரிப்பு. மைனிக்கு வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, அடுத்த தடவையும் வாயத் திறக்கலன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

இந்த வேலையை விட எனக்கு மனசில்லை. கல்யாணமானதிலிருந்து நான் இன்னார் மனைவி, பாப்பாவின் அம்மா. என்னை என் பெயர் சொல்லி ஊரார் கூப்பிட்டது இந்த வேலையில்தான்.

வெறும் கை

ஐரோலியில் வளைகாப்பு. கர்ப்பிணிப் பெண்ணின் ஆபீஸ் தோழிகள் பாதிப் பேர் மராத்திக்காரிகள். கோலும் வேண்டாம், கைக்குட்டையும் வேண்டாம், கும்மி என்று முடிவு செய்தேன். போய் இறங்கினால் மைனிக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வருகிறது. வட்டமாக நின்று எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்.

கூடவே கூட்டிப் போயிருந்த பாப்பா வட்டத்துக்கு நடுவில் ஓடி வந்து நின்றாள். அவளுக்குச் சோறு ஊட்டும்போது நான் போடுகிற சத்தம் நாலு வீடு தாண்டிக் கேட்கும். சரி, இவளிடம்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவளை மட்டும் பார்த்தேன். "குனி! தட்டு! நிமிரு! தட்டு! ஒரு எட்டு வை!" அவள் செய்தாள். தலையைத் தூக்கினால் வட்டமே குனிந்து தட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் தெரியாதவர்களும் பக்கத்துக் கையைப் பார்த்துத் தட்டினார்கள். மூன்று சுற்று வந்தும் நிற்க மாட்டோம் என்றார்கள். மைனி என் காதருகே வந்து, வராத குரலில் கேட்டாள்.

"ஏ முத்துமாரி, இம்புட்டுச் சத்தத்த எங்கட்டி வச்சிருந்த?"

புதிதாக ஆடுகிறவர்களுக்கு எது சுலபம் என்று இப்போது யார் கேட்டாலும் கும்மி என்றுதான் சொல்கிறேன்; வட்டத்தில் பின்வரிசை கிடையாது, ஒளிந்துகொள்ள அவர்களுக்கும் இடமில்லை, எனக்கும் இல்லை.