கிணற்றில் விழுந்த குதிரைவீரன்

மருமகள் வாங்கிவந்த பழைய படக்கதையின் மறுபதிப்பைப் பிரித்ததும், மை வாசனையோடு கல்யாணத்துக்கு முன் நான் பீடி சுற்றிய முக்கூடல் செட்டின் புகையிலை நெடியும் மூக்கில் ஏறியது. ஐந்தாவது வரை படித்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பதால் என் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்ற, இலை வெட்டும் கத்தரிகளின் சத்தத்துக்கு மேலாக, வாய் திறக்கவே கூசும் நான் மாதாமாதம் வரும் இந்தக் குதிரைவீரன் படக்கதையை உரக்க வாசிப்பேன். அவன் கிணற்றில் விழுந்து ‘தொடரும்’ போட்ட மாதம் ஏரலுக்கு வாக்கப்பட்டேன்.

“ஏட்டி, அவன் பொழச்சானான்னு சொல்லாமப் போறியே,” என்றாள் செட்டில் என் பக்கத்தில் உட்காரும் எஸ்தர் மதினி.

“மறுவீட்டுக்கு வரும்போது வாசிக்கேன், மதினி.”

வந்தேன், புதுப்பெண் கூச்சத்தில் செட்டுப் பக்கம் போகவில்லை. இன்று செட்டும் இல்லை, மதினியும் இல்லை.

அதற்கு அடுத்த மாத இதழின் மறுபதிப்பான இந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே அவன் கயிற்றைப் பிடித்து ஏறிவிடுகிறான். அதை உரக்க வாசித்தேன்.

“யாருகிட்ட பேசுதிய, அத்தை?” என்றாள் மருமகள் அடுப்படியிலிருந்து.