முற்றத்து மேசைக்கு நாலு கால்

வெளியில் போடும் மேசை செய்கிறவனுக்குப் பலகையோடு பெரிய பிரச்சினை வராது, தரையோடுதான் வரும். யாழ்ப்பாணத்து முற்றங்களில் மட்டமான இடம் என்று ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஒரு பக்கம் மழைத்தண்ணீர் ஓடுவதற்காகச் சரித்துப் போட்ட சீமெந்து, இன்னொரு பக்கம் மாமர வேர் கிளப்பிய வெடிப்பு, அதற்கும் அப்பால் கல்லும் மண்ணும். தேத்தண்ணிக் கோப்பையை வைத்த உடனே மேசை சாய்ந்து, சட்டையெல்லாம் ஊற்றிக்கொண்டு, பத்திரிகையை மடித்துக் காலுக்குக் கீழே செருகியவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மேசை

நான் வேலை செய்த இரும்புக்கடையை முதலாளி மூடிவிட்டு வெளிநாடு போனபோது, கொஞ்சக் காலம் வீட்டில் சும்மா இருந்தேன். அப்படி இருக்கிறவனை வீட்டுச் சாமான் எல்லாம் முறைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். பின்பக்கம் கிடந்த பழைய கதவுப் பலகையைச் சீவி, நாலு கால் வைத்து, முற்றத்தில் இருந்து சாப்பிட ஒரு மேசை செய்தேன். விறாந்தையில் வைத்துப் பார்த்தேன், அசையவில்லை. வேப்பமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். ஒரு கால் அந்தரத்தில் நின்றது.

நெட்டையாகத் தெரிந்த காலை அரிந்தேன். மேசை மறுபக்கம் ஆடியது. அந்தக் காலையும் அரிந்தேன். பிறகு மற்றது. மத்தியானம் ஆனபோது மேசை என் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. வேலை போனதில் இருந்து என்னிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல், தானும் சிரிக்காமல் இருந்த என் மனுசி பவானி, குசினி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: “இன்னும் ஒருக்கா அரிஞ்சியள் எண்டால் ரொட்டி தட்டுற பலகையாய்ப் பாவிக்கலாம்.”

மாஸ்ரரின் கணக்கு

நல்லூரில் ஒரு கணக்கு மாஸ்ரர் வீட்டு முன்பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு ரியூசன் நடத்துகிறார். அவருக்கு ஒரு பெரிய சதுர மேசை செய்து கொடுத்தேன். சோதனை நெருங்கிய நேரம். ஒரு பிள்ளை அழிறப்பரால் அழிக்க மேசை ஆடி, எதிரில் இருக்கிற பிள்ளை கேத்திரகணிதத்துக்குக் கீறிய கோடு வளைந்துவிடும். காலுக்குக் கீழே டயர்த் துண்டு வைத்தேன். பிள்ளைகள் காலை ஆட்டி ஆட்டி அதைத் தட்டிவிட்டார்கள்.

“விடும், இதுக்கு ஒரு வழி இருக்கு” என்றார் மாஸ்ரர். “சதுர மேசையை நிண்ட இடத்திலையே மெல்லச் சுத்திக்கொண்டு வந்தால், எங்கையோ ஒரு இடத்திலை நாலு காலும் பிடிக்கும்.” எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றினோம். கால்வாசிச் சுற்று முடிவதற்குள் மேசை பிடித்துக்கொண்டது. நான் மேலே ஏறி நின்றும் பார்த்தேன். ஒரு அசைவும் இல்லை. மாஸ்ரரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். ஆனால் மேசையின் ஒரு மூலை இப்போது கொட்டகை வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றது. பின்னேர வகுப்புப் பிள்ளைகள் சைக்கிள்களோடு வந்து வெளியே கூடிவிட்டார்கள். மாஸ்ரர் அவர்களையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தார். “கணக்குச் சரி தம்பி, பிள்ளையளைத்தான் வேறை வாசலாலை எடுக்கவேணும்.”

குருநகர் மீன் மேசை

மாஸ்ரரின் மேசைக்குப் பிறகு ஒவ்வொரு காலின் அடியிலும் ஒரு போல்ற் பூட்டத் தொடங்கினேன். ஒரு பக்கம் திருகினால் கால் உயரும், மறுபக்கம் திருகினால் பதியும். அவருடைய மேசைக்கும் பூட்டி, பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டேன். இனி என்னை வெல்ல எந்தத் தரையாலும் முடியாது என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது.

அந்த நினைப்போடுதான் குருநகருக்குப் போனேன். பிலோமினா அக்கா கடலோரத்தில் தன் வீட்டு வாசலில் மீன் வெட்டி விற்கிறவ. குந்தியிருந்து வெட்டி வெட்டி முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன. இனிக் குந்தக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். குந்தாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. நின்று வெட்டுவதற்குத் தகரம் அடித்த மேசை ஒன்று செய்து கொடுத்தேன். சரிந்த சீமெந்தில் அதை நிறுத்தி, மேலே நீர்மட்டக் கருவியை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை நாலு போல்றையும் திருகினேன். அக்கா மேசையில் கையால் சிலுவை போட்டுவிட்டு என்னை அனுப்பி வைத்தா.

அடுத்த நாள் காலையிலேயே கூப்பிட்டா. போய்ப் பார்த்தால் மீன் கழுவிய தண்ணீர் தகரத்தில் குளமாக நிற்கிறது. அக்கா அசைந்தால் அது அவவின் சட்டையில் ஊற்றுகிறது. கீழே பூனைகள் வரிசை கட்டி நிற்கின்றன. கடல் பக்கத்துக் கால்கள் இரண்டையும் பிறகு பதித்துவிட்டேன், தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடியது. இப்போது அக்கா முழங்கால் நோவு குறைந்து, நின்றே வெட்டுறா. அன்று காலை, நான் கால்களைப் பதிக்க முதல், அவ என்னை ஏசவில்லை. நான் நீர்மட்டத்தைத் திரும்ப எடுத்துக் குமிழியைக் காட்டப் போனபோது இவ்வளவுதான் சொன்னா: “தம்பி, உம்மடை மேசை நல்லாத்தான் நிக்குது, இந்தத் தண்ணியை எங்கை போகச் சொல்லுறது எண்டு ஒருக்கா அந்தக் குமிழியிட்டையும் கேளும்.”

உடுவில் ஐயா

உடுவிலில் செல்வரத்தினம் ஐயாவும் அவரின் மனுசி சரோசா அக்காவும் தனியே இருக்கிறார்கள். ஐயா நெடுங்காலம் பஸ் ஓட்டியவர். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்து எழும்பியவருக்கு, அறைக்குள் இருக்கப் பிடிக்கவில்லை. தேத்தண்ணியைப் பலாமரத்துக்குக் கீழே இருந்து குடிக்க ஆசைப்பட்டார். மேசை கொண்டுபோய்ப் போட்டேன். அடுத்த கிழமை அக்கா கூப்பிட்டு, மேசை ஆடுகிறதாம் என்றா.

போய்ப் பார்த்தேன். மேசை கல்லுப்போல நின்றது. ஐயா வலது கையை மேசையில் வைத்தார். கோப்பைக்குள் தேத்தண்ணி நடுங்கியது. கையை எடுத்தார், நின்றுவிட்டது. நான் சாமானை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அக்கா கேற் வரைக்கும் என்னோடு வந்தா. “அவருக்குக் கைதான் நடுங்குது தம்பி. மேசை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். அது அப்பிடியே இருக்கட்டும். கூப்பிட்டால் வந்திட்டுப் போம்” என்றா. ஓம் என்றேன்.

அதிலிருந்து அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். அடியில் படுத்து ஒரு போல்றைக் கொஞ்சம் திருகுவேன். பிறகு அதே அளவுக்குத் திருப்பி விடுவேன். “இப்ப பாருங்கோ ஐயா” என்பேன். அவர் கோப்பையைத் தூக்கிப் பார்த்து, “ஓம், இப்ப பரவாயில்லை” என்பார். அக்காவின் முகம் தெளிந்துவிடும். போன முறை நான் மேசைக்கு அடியில் கிடந்தபோது, அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனா. ஐயா கதிரையில் இருந்தபடியே மெல்லக் குனிந்தார். குசினிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: “தம்பி, மேசை ஆடேல்லை எண்டு எனக்குத் தெரியும், அவ கவலைப்படுவா, நீர் வழமைபோலை ஒருக்காத் திருகிப்போட்டுப் போம்.”

ஆடுகிற மேசையைத் திருத்தத் தெரிந்தவனுக்கு இந்த ஊரில் வேலை கிடைக்கும். ஆடாத மேசையையும் திருத்தத் தெரிந்தால் தேத்தண்ணியும் கிடைக்கும்.