தலைக்கு மேலே ஒரு விரல் இடைவெளி

ஆடி மாதத்தில் நிலம் பதிய யாரும் வருவதில்லை. அரூரில் பத்திரம் எழுதிப் பிழைக்கும் எனக்கு அது கட்டாய விடுமுறை. அந்த நாட்களில் கம்பைநல்லூர் வீட்டில் உட்கார்ந்து வேறொரு பத்திரம் எழுதிக்கொண்டிருப்பேன்.

இணையத்தில் உலகம் முழுக்க ஆட்கள் கூடிச் சுட்டு விளையாடும் ஒரு வீடியோ கேம். அதில் வரும் பொம்மை மனிதர்களுக்குத் தொப்பி, கோட்டு, கண்ணாடி என்று அலங்காரப் பொருள்கள் உண்டு. ஒரு தோட்டாவைக்கூடத் தடுக்காது, வெறும் அழகு. கேம் கம்பெனி அப்டேட் விடும்போதெல்லாம் எந்தப் பொருள் புதிதாக வந்தது, எது போனது, எந்தக் கோப்பு மாறியது என்று பார்த்து, ரசிகர்கள் நடத்தும் ஒரு தகவல் தளத்தில் குறித்து வைப்பேன். சம்பளம் கிடையாது. ஐம்பதைத் தாண்டியவன் செய்கிற காரியமா என்று கேட்பவர்களிடம் "வில்லங்கம் பாக்கறேங்க" என்று சொல்லிவிடுவேன். பெரிய பொய் ஒன்றும் இல்லை. சொத்தை விவரிக்கும் பழக்கம் விடாததால் என் குறிப்புகளும் அப்படித்தான் இருக்கும். மேற்படி கோட்டுக்கு வலது கைப்பக்கம் பொத்தான், இடது கைப்பக்கம் கிழிசல்.

இதில் என்னை இழுத்துவிட்டவள் என் மனைவி. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது இருவரும் விளையாட ஆரம்பித்தோம். நான் ஒளிந்துகொள்ள இடம் தேடுவதற்குள் செத்துவிடுவேன். அவள் என்னைக் கொன்றவனைத் தேடிப் போய்ச் சுட்டுவிட்டு வந்து, "எந்திரிங்க, முடிஞ்சுது" என்பாள்.

அவள் வாங்கியது ஒரே ஒரு பொருள். ஒரு தவளைத் தொப்பி. பச்சை நிறம், உப்பிய கண், அகலமான வாய். கம்பெனிக்காரன் எங்கோ அளவு தப்பிவிட்டான்; தொப்பி தலையில் படியாமல் ஒரு விரல் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு ஒரே குஷி.

"பாத்தியா, தப்பு. தளத்துல போட்டுடறேன்."

"அய்ய, எழுதிப்புடாதீங்க. எழுதுனா சரி பண்ணிப்புடுவாங்க."

"தவள தலையில ஒக்காராம நிக்குதுடி."

"தவக்கள ஒக்காரலீங்க. தாண்டுது. உங்களுக்குக் கண்ணு இருந்தா தெரியும்."

அதற்குப் பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தாவ எழும்பி, இன்னும் போகாத தவளை. தளத்தில் அந்தப் பொருளின் பக்கத்தை நான்தான் எழுதினேன். நிறம், விலை, கோப்பின் பெயர் எல்லாம் போட்டேன். இடைவெளியை மட்டும் விட்டுவிட்டேன். என் வாழ்நாளில் நான் வேண்டுமென்று மறைத்த ஒரே வில்லங்கம் அதுதான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீட்டுக்கு உயிரோடு வரவில்லை. புடவைகளைச் சொந்தக்காரர்கள் பிரித்துக்கொண்டார்கள். செருப்பைக்கூட யாரோ கேட்டு வாங்கிப் போனார்கள். கேமில் இருந்த அவள் கணக்கை மட்டும் யாரும் கேட்கவில்லை. கடவுச்சொல் எனக்குத் தெரியாது. எங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. அதைத் திறந்தால் அவள் பொம்மை நிற்கும். ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறும், லேசாக மூச்சு வாங்கும், தலைக்கு மேலே தவளை தாண்டிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுவேன். விளையாட மாட்டேன். நான் விளையாடினால் அது செத்துப்போகும், என் திறமை அப்படி.

அதற்குப் பிறகு வந்த ஓர் ஆடியில், ஒரு காலை அப்டேட் வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் பராமரிப்புக்காகச் சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. தளத்து நண்பர் ஒருவர் போட்டிருந்த கோப்புப் பட்டியலைப் போனில் திறந்தேன். மேலே நீக்கப்பட்டவை. எறும்பளவு எழுத்தில் இரண்டாவது திரையில் தவளைத் தொப்பியின் பெயர், முன்னால் ஒரு கழித்தல் குறி.

நீக்கப்பட்டது.

என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் போனைக் குலுக்கினேன். குலுக்கினால் குறி உதிர்ந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. பிறகு மின்வாரியத்துக்குப் போன் செய்து, "எப்பங்க வரும், இங்க உயிர் போற காரியம்" என்றேன். "ஆக்சிஜனுங்களா?" என்று பதறினார் அந்த மனிதர். "தவளைங்க" என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு வைத்தேன். கடைசியில் அரூரில் மஞ்சள் மண்டி வைத்திருக்கும் மச்சானை, அவள் தம்பியைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, அங்க கரண்ட் இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா. ஏன், மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்ல. வரேன்."

கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி, அரிசிச் சாக்கில் போட்டு, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அதை நெஞ்சோடு அணைத்தேன். கண்டக்டர் சாக்கைத் தட்டிப் பார்த்தார்.

"என்னங்க உள்ள, ஆட்டுக்குட்டியா?"

"கம்ப்யூட்டருங்க."

"ஒடம்பு சரியில்லீங்களா அதுக்கு?"

"பாத்தாத்தான் தெரியும்."

"பயப்படாதீங்க, சரி பண்ணிடுவாங்க" என்று அவர் ஆறுதல் சொன்னார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே மரவள்ளிக் காடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தத் தொப்பியும் போய்விட்டால் அவள் பொம்மை மொட்டைத் தலையோடு நிற்கும், எல்லாருடைய பொம்மையையும் போல. அதை நினைத்தே வழியெல்லாம் வந்தேன்.

மண்டியில் பில் போடும் மேஜையிலிருந்து மானிட்டரைக் கழற்றி என் பெட்டியில் மாட்டினான் மச்சான். மூட்டைகளுக்கு நடுவே அப்டேட் இறங்கத் தொடங்கியது. அவன் என் போனை வாங்கிப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனான்.

"மாமா, இதோ கடைசியில கூட்டல் போட்டு அதே பேர் இருக்குதே."

பிடுங்கிப் பார்த்தேன். கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தார்கள். பழைய இடத்தில் நீக்கம், புதிய இடத்தில் சேர்ப்பு. அவ்வளவுதான்.

மச்சான் சிரித்த சிரிப்பில் மஞ்சள் தூள் பறந்தது. "என் நெலத்துப் பழைய சர்வே நம்பர் ரத்துன்னு நான் அழுதுகிட்டு வந்தப்ப என்னா சொன்னீங்க? 'கழுத, ரத்தானா புது நம்பர் குடுத்திருப்பான், கீழ பாருடா'ன்னு ஆபீஸ் வாசல்ல வச்சித் திட்டுனீங்களா இல்லியா?"

"திட்டுனேன்."

"இப்ப யாருங்க கழுத?"

"கழுதைக்குக்கூட மாப்ள, கீழ பாத்து நடக்கத் தெரியும்."

டீ சொன்னான். குடித்தேன். அப்டேட் முடிந்து அவள் கணக்கு திறந்தது.

பொம்மை நின்றது. கால் மாற்றியது. மூச்சு வாங்கியது. தலையில் தவளை இருந்தது. தலையில்தான் இருந்தது. நெற்றியோடு ஒட்டி, காது மறைய, அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. பொம்மையைப் பக்கவாட்டில் திருப்பினேன். பின்னால் திருப்பினேன். விரல் இல்லை, ஒரு நூல்கூட இடைவெளி இல்லை.

மச்சான் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தான். "அக்காதுங்களா? இப்பத்தான் நல்லா இருக்குது. முன்ன எப்பவோ காட்டுச்சு, என்னமோ தூக்கிகிட்டு நின்னுது."

"ஆமா" என்றேன்.

யாரோ எங்கிருந்தோ கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்க வேண்டும். ஒழுங்கான ஆள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், ஒருத்தி தடுத்திராவிட்டால்.

தளத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மாற்றங்களைக் குறிக்க வேண்டும், அது என் வேலை. 'தொப்பி இப்போது தலையில் பொருந்துகிறது' என்று எழுத வேண்டுமானால் முன்பு பொருந்தவில்லை என்பதை எழுதியாக வேண்டும். இத்தனை காலம் மறைத்த வில்லங்கத்தை, அது தீர்ந்துபோன நாளில் பதிய வேண்டி வந்தது. எழுதினேன். மேற்படி தவளைக்கும் தலைக்கும் இடையே முன்பு ஒரு விரல் இடைவெளி இருந்தது. தற்போது இல்லை. அதற்குக் கீழே, தவளை தாண்டிக்கொண்டிருந்தது என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு அழித்தேன். அதற்கு ஆதாரமில்லை, சாட்சியும் இல்லை.

"என்னங்க மாமா எழுதறீங்க?"

"ஒண்ணுமில்ல. பேர் மாத்தம்."

மானிட்டரைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டுச் சாக்கோடு பஸ் ஏறினேன். அதே கண்டக்டர். இந்த முறை சாக்கைத் தட்டவில்லை, பக்கத்து சீட்டில் இருந்தவரைக் கொஞ்சம் நகரச் சொல்லி இடம் பண்ணிக் கொடுத்தார்.

"என்னங்க, பாத்தாச்சா?"

"பாத்தாச்சுங்க" என்றேன். "சரி பண்ணிட்டாங்க."